துவக்கு மரத்தில் இரண்டு எழுத்து

போன சனிக்கிழமை என் மருமகன் ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் ஒரு ஏலத்துக்குப் போய்ப் பழைய பட்டாளத் துவக்கு ஒன்றை, நீட்டுத் துப்பாக்கியை, வாங்கிக்கொண்டு வந்தார். லைசன்ஸ், பூட்டு, கடதாசி எல்லாம் ஒழுங்கு. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ரூஜில் இருக்கிற என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துவாய் ஒன்றை விரித்து, துவக்கை அதன் மேல் கிடத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். இங்கேயே பிறந்த பிள்ளை என்றாலும் என்னோடு தமிழில்தான் கதைக்கப் பார்ப்பார். அதனால் அவரில் எனக்குத் தனி விருப்பம்.

"மாமா, நீங்கள் உந்த வேலைதானே செய்தனீங்கள்? இதைக் கொஞ்சம் கிளீனாக்கித் தாறீங்களா? லிவிங் ரூம் சுவரில மாட்டப் போறன்."

"என்ன செய்ய வேணும்?"

"பின்பக்கத்தைப் பாருங்கோ. யாரோ கிறுக்கி வைச்சிருக்கிறான். வின்சென்ட் டெய்லர் எண்ட ஒரு சோல்ஜராம், ஏலத்தில சொன்னவங்கள். முன்பின் தெரியாத வெள்ளையன்ர பேர் எங்கட சுவரில எதுக்கு? அதை மட்டும் அழிச்சு விடுங்கோ. தட்ஸ் ஓல்."

திருப்பிப் பார்த்தேன். பிடங்கின், அதாவது தோளில் அணைக்கிற மரக்கட்டையின், இடப்பக்கத்தில், கன்னம் படுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே V, T என்று இரண்டு ஆங்கில எழுத்து. வி. ரி. துவக்கை மெதுவாகப் பழையபடி திருப்பிக் கிடத்தினேன்.

"பார்ப்பம்," என்றேன். "அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லுறன்."

எங்கள் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தாருங்கோ என்று இரண்டு வருடமாக என்னை அரிக்கிறார்கள். கணக்காளராக இருந்தவர் எழுதிவிட்டார், பள்ளிக்கூட அதிபராக இருந்தவர் மூன்று பகுதியாக எழுதிவிட்டார். எல்லாரும் நேர்மையாக உழைத்து முன்னுக்கு வந்தவர்கள். கண்டறியாத முன்னுக்கு வரவு! எனக்கும் ஒரு அனுபவம் இருக்கிறது, இந்தக் கிழமை அதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

தச்சு வேலை நான் பழகிய கதையில் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு வயதில் பட்டறைக்குப் போனேன், மூன்று வருடம் ஏச்சு வாங்கினேன், பிறகு வேலை வந்தது. இருபத்திரண்டில் கொழும்பில் அரசாங்க ஆயுதக் களஞ்சியம் ஒன்றில் தச்சனாகச் சேர்ந்தேன். துவக்கின் இரும்பு வேலை வேறு ஆட்களுக்கு, மரம் எனக்கு. வெடித்த மரத்தை ஒட்டுவது, உடைந்த பிடங்கை மாற்றுவது, எண்ணெய் பூசுவது.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. துவக்கு அரசாங்கச் சொத்து, அதில் ஒருவரும் பெயர் வெட்டக் கூடாது. ஆனால் காவலுக்கு நிற்கிறவன் சும்மா நிற்பானா? அலுப்பில் கத்தி நுனியால் தன்னுடைய பெயரைக் கீறுவான், காதலியின் பெயரைக் கீறுவான். பரிசோதனைக்கு முதல் அதையெல்லாம் அழித்து வைப்பது என்னுடைய பொறுப்பு. ஒரு கீறல் மிஞ்சினாலும் பேச்சு எனக்குத்தான் விழும். ஒன்பது வருடம் பெயர் அழித்தேன்.

எப்படி அழிப்பது என்று சொல்கிறேன். துணியை நனைத்துப் பிழிந்து மடித்து எழுத்தின் மேல் போட வேண்டும். சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை அதன் மேல் வைத்து, மூன்று எண்ணி எடுக்க வேண்டும். ஆவி உள்ளே போக, அமுங்கிக் கிடந்த மரம் மேலே எழும்பும். ஐந்தாறு தரம் செய்தால் பாதி எழுத்து தானாகவே போய்விடும். கத்தி அறுத்த மிச்சத்தை, உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் மர ஓட்டத்தோடு வழிக்க வேண்டும். குறுக்கே வழித்தால் தடம் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு மெல்லிய சாண்ட்பேப்பர். பிறகு லின்சீட் எண்ணெயை உள்ளங்கையில் விட்டுச் சூடு ஏறும்வரை தேய்க்க வேண்டும். அடுத்த நாள் கடவுளே வந்து தேடினாலும் அந்த இடம் பிடிபடாது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் களஞ்சியத்துக்கு நான் போகவில்லை. நான் எண்ணெய் பூசிக் கொடுத்த மாதிரித் துவக்குகள் யார் தோளில் தொங்கின, எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன என்பதை, ஒரு சிங்கள நண்பரின் மேல்வீட்டில் ஒளிந்திருந்து ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

என்னுடைய அண்ணை தருமலிங்கம் தெற்கில் ஒரு சின்னப் பட்டினத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். கடை எரிந்தது தெரியும். அண்ணைக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. உடலும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. செத்தவருக்குச் செய்கிற எட்டுச் செலவு செய்யக்கூட அம்மா விடவில்லை. "அவன் வருவான், விசர்க் கதை கதையாதை" என்று என்னைத்தான் திட்டினா. அண்ணையின் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய ஊரில் எங்கள் வீட்டில் இருந்தன. கோழி கிளறின மாதிரி எழுத்து. லீவில் போகிறபோது நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன், சில சொற்களை நானே ஊகித்துச் சொல்லுவேன். பிறகு வீட்டில் ஷெல் விழுந்தபோது அந்தப் பெட்டியும் போய்விட்டது.

எண்பத்துநாலில் ரொறன்ரோ வந்தேன். மனைவியும் இரண்டு வயது மகளும் யாழ்ப்பாணத்தில் மாமியோடு. வெக்ஸ்போர்ட்டில் ஆறு பேர் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். பக்கத்திலேயே வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டறைகள். அதில் ஒன்றில் நிலம் கூட்டப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அடுத்த கட்டடத்து வாசலில் லொறியிலிருந்து மரப் பெட்டிகள் இறக்கினார்கள். ஒரு பெட்டி உடைந்திருந்தது. உள்ளே கிறீஸ் பூசிய பழுப்புக் கடதாசிச் சுற்றல்கள். அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு நேரே உள்ளே போனேன்.

கடைக்காரர் பெயர் பெல்டன். கனடாப் பட்டாளத்தில் இருபது வருடம் துவக்குத் திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடு நாடாகக் கழித்துவிட்ட பழைய பட்டாளத் துவக்குகளைப் பெட்டியாக வாங்கி, திருத்தி, சேகரிக்கிற ஆட்களுக்கு விற்பது அவருடைய தொழில். மர வேலை தெரியும் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் என் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். குறுக்கே வெடித்த பிடங்கு ஒன்றை எடுத்து என் கையில் தந்து, பின்பக்க மேசையைப் பென்சிலால் காட்டினார். இரண்டு நாளில் ஒட்டிக் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், மணந்து பார்த்தார், வெடிப்பு இருந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "திங்கட்கிழமை வா" என்றார்.

அப்பார்ட்மென்டில் என்னைப் படாத பாடு படுத்தினார்கள். "அண்ணை, அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்து, இஞ்ச துவக்குக்கு எண்ணெய் பூசுறியள்! உங்களை என்னெண்டு சொல்லுறது?" சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு கழிவறைக்குள் போய்க் கையைக் கழுவிக் கழுவிப் பார்ப்பேன், லின்சீட் மணம் போகாது.

பெல்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வேலையில் பிழை கண்டால், பிழை இருக்கிற இடத்தைச் சுற்றி வெள்ளைச் சோக்கால் ஒரு வட்டம் போட்டு, மரத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். அந்த வட்டத்துக்குள் எது பிழை என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் காலையில் மேசையில் மூன்று வட்டம் கிடக்கும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முட்டை சான்ட்விச்சைப் பிரித்து, தனியே இருந்து சாப்பிடுவார்.

ஆனால் தொழில் தெரிந்த ஆள், அதை மறைக்க மாட்டேன். பெட்டியில் வருகிற துவக்கின் மரம் முப்பது நாற்பது வருடத்துக் கிறீஸைக் குடித்திருக்கும். வேறு இடங்களில் அதை மருந்தில் ஊறப்போட்டு மரத்தைக் கொன்றுவிடுவார்கள். பெல்டன் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, ஓடாத ஸ்டேஷன் வாகன் ஒன்றுக்குள் அடுக்கி, கண்ணாடியை இறுக்கிப் பூட்டி வெயிலில் விட்டுவிடுவார். ஆடி மாத வெயிலில் நாலு நாளில் கிறீஸ் முழுக்கப் பேப்பரில் இறங்கிவிடும். அந்தக் காரைத் திறக்கிறபோது வருகிற மணத்துக்கு என் தலை சுற்றும்.

எண்பத்தைந்தில் ஊரில் நிலைமை மோசம். மனைவியின் கடிதங்களில் வேறு கதை இல்லை. "பிளேன் சத்தம் கேட்டால் பிள்ளை தானாகவே பங்கருக்குள்ள ஓடுது, நான் கூப்பிடத் தேவையில்லை" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். மூன்று வயதுப் பிள்ளை. அவர்களை எடுப்பதற்கு, நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்று இமிகிரேஷனில் சொன்னார்கள். பெல்டனிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை எழுதித் தாறன்" என்றார். அவர் சொன்னது இங்கிலீஷில்தான், என் காதில் விழுந்த மாதிரித் தமிழில் எழுதுகிறேன்.

அது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கு இன்னும் நாலு நாள்.

செவ்வாய்க்கிழமை வயதான ஒருவர் ஒரு துவக்கைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். விட்பிக்காரர், பெயர் டிக்சன். நான் பின்பக்கத்தில் மெஷின் சத்தத்தில் நின்றதால் அவர் பெல்டனோடு கதைத்தது ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. புதன்கிழமை காலை பெல்டன் அதை என் மேசையில் வைத்து, "மரத்தையும் இரும்பையும் பிரிச்சு வை, இரும்பு எனக்கு" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கண்காட்சி ஒன்றுக்காக வெளியூர் போய்விட்டார்.

பிரித்தேன். மரம் நல்ல வால்நட். ஊத்தை, எண்ணெய் இல்லை, அங்கங்கே நெளிவு. பிடங்கில் யாரோ கத்தி நுனியால் ரி. டி. (T. D.) என்று கோணல் மாணலாக வெட்டியிருந்தான். அதற்குக் கீழே பதினொரு சின்னக் கோடு. களஞ்சியத்தில் ஒன்பது வருடம் இதற்குத்தானே பேச்சு வாங்கினேன்? எழுத்தைக் கண்ட உடனேயே கை பரபரத்தது. இதை எனக்குச் சொன்ன வேலையாகக் கூட நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த மனிதர் வருவார், துவக்கைப் பார்ப்பார், கேட்காமலே இவ்வளவு செய்திருக்கிறான் என்று சந்தோஷப்படுவார், கடிதத்தில் இரண்டு நல்ல வார்த்தை கூட்டி எழுதுவார். இதுதான் என் கணக்கு. என்ன மடைத்தனம்!

சாப்பாட்டு நேரத்தையும் விட்டுச் செய்தேன். துணி, ஸ்திரிக்கைப் பெட்டி, கண்ணாடித் துண்டு, எண்ணெய். வியாழன் பின்னேரம் பிடங்கு புதுப் பெண் மாதிரி இருந்தது. மேசையின் நடுவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளி காலை வந்து பார்த்தால் பிடங்கில் ஒரு சோக் வட்டம். உள்ளே ஒன்றுமே இல்லை. வழவழவென்று வால்நட் மரம். நான் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒரு பிழையும் தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாக ஒருவனால் செய்ய முடியுமா என்று எனக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது. பெல்டன் பின்னால் வந்து நின்றார்.

"இதில இருந்தது எங்க?"

"அழிச்சிட்டன் சேர். கிளீன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, அவசரப்படாமல், டிக்சன் சொன்ன கதையைச் சொன்னார். இரண்டாம் உலக யுத்தத்தில் இரண்டு சகோதரர்கள் ஒரே படைப்பிரிவில் இத்தாலிக்குப் போனார்கள். தம்பி தொம் டிக்சன் அங்கே செத்தான். அவனுடைய துவக்கைத் தமையன், அதாவது இந்தக் கிழவர், எப்படியோ ஊருக்குக் கொண்டு வந்துவிட்டார். எப்படி என்று பெல்டன் கேட்கவில்லை. எழுத்து தம்பி வெட்டினது. கோடுகள், வீட்டை விட்டு வந்த மாதங்கள். தம்பி கப்பல் ஏறின பிறகு பிறந்த மகள் ஒருத்தி வன்கூவரில் இருக்கிறாள். அடுத்த மாதம் வருகிறாள், அவளிடம் இதைக் கொடுக்க வேண்டும். தகப்பனின் கையால் எழுதினது என்று அவளுக்கு உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. "இரும்பில துரு பரவாமல் பாருங்கோ, மரத்தில கை வைக்க வேண்டாம்" என்றுதான் கிழவர் சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் அப்படியே முக்காலியில் இருந்துவிட்டேன். சேகரிக்கிற ஆட்கள் ஊத்தைக்கும் கீறலுக்கும்தான் காசு கொடுப்பார்கள், வழித்த துவக்கு விறகுக்குச் சமன் என்று பெல்டன் எனக்கு முதலே சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாகச் சொல்லவில்லை, வட்டம் மட்டும்தான் போட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் தொமின் எழுத்தை வழித்தது அவருடைய கை இல்லை.

"கிழவரிட்ட உண்மையைச் சொல்லுவம் சேர். நான் சொல்லுறன்."

"சொன்னா அவர் ஊர் முழுக்கச் சொல்லுவார். என்ர கடை அதோட முடிஞ்சுது. கடை இல்லாட்டி உனக்கு வேலை இல்லை. வேலை இல்லாட்டிக் கடிதம் எப்பிடி எழுதுறது?"

மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மேசை லாச்சியைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். வருகிற துவக்கை எல்லாம் பொலறோயிட்டில் படம் எடுத்து வைப்பது அவருடைய வழக்கம். அந்தப் படத்தில் ரி. டி.யும் பதினொரு கோடும் நகம் அளவில் தெரிந்தன.

"திருப்பி வெட்டு," என்றார்.

கெட்ட எழுத்து எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அடுத்த கிழமைதான் கண்டேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கழிவு மரத்தில் பழகினேன். கத்தியைப் பிடித்தால் கோடு நேராகப் போகிறது. இடக்கையால் வெட்டிப் பார்த்தேன், அது வேண்டுமென்று கோணலாக்கின மாதிரி இருந்தது. கடைசியில் சரி என்று பெல்டன் தலையாட்ட, மரத்தில் வெட்டினேன். புது வெட்டு வெள்ளையாகப் பல்லிளிக்கும். அதை எப்படிப் பழசாக்குவது என்று அவர்தான் காட்டித் தந்தார். கடும் கோப்பித் தண்ணி, வால்நட் சாயம், பழைய துவக்குக் குழாய்களில் வழித்த கறுப்பு ஊத்தை, கடைசியாக வெறும் உள்ளங்கை. நல்லாய்த் தெரிந்திருந்தது அவருக்கு. இது அவருக்கு முதல் தரம் இல்லை என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கிழவர் வந்த நாள் நான் முன்பக்கத்தில் நின்றேன். பெல்டன்தான் நிற்கச் சொன்னார். மெலிந்த மனிதர், கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார். இரும்பை அவர் பார்க்கவே இல்லை. பெருவிரலை எழுத்தின் மேல் வைத்தார். ஒரு தரம் தடவினார். திரும்பவும் ஒரு தரம் தடவினார். பிறகு கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். அந்த இடத்தை அதற்குப் பிறகு தொடவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கையில் கோப்பிச் சாயம் இன்னும் போகாமல் இருந்தது.

"நல்ல எழுத்து," என்றார். "என்ர தம்பிக்கு இவ்வளவு நல்ல எழுத்து இல்லை."

பெல்டன் அதைப் பகிடியாக எடுத்துச் சிரித்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். கிழவர் கணக்கைத் தீர்த்து, துவக்கைப் பெட்டியில் வைத்து மூடி, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலுக்கு ஓடிப் போய் அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம்தான். நான் போகவில்லை. போகாமல் நின்றதற்குக் கூலியாக அன்று பின்னேரம் பெல்டன் கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, என் மேசையில் ஐந்து பிடங்கு. ஐந்திலும் சோக் வட்டம். ஐந்து வட்டத்துக்குள்ளும் ஒன்றும் இல்லை, வெறும் மரம்.

"பேர் உள்ள துவக்குக்கு மதிப்புக் கூட," என்றார் பெல்டன். "உனக்குக் கை வருகுது."

மாட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். மனைவியின் ஃபைல் இன்னும் முடியவில்லை. அடுத்த வருடமும் ஒரு கடிதம் கேட்பார்கள், அதற்கடுத்த வருடமும் கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு கத்தியைத் தீட்டினேன்.

முதலில் பெயர்களுக்காக ஒரு யுத்த நினைவுத் தூணுக்குப் போய், அங்கே கல்லில் இருந்த எழுத்துகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு துவக்கில் வெட்டினேன். பிறகு முடியவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கல்லில் பெயர் இருக்கிறது, வருடத்துக்கு ஒரு நாள் பூ வைக்கிறார்கள். அவர்களிடம் போய்க் களவெடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்லும் இல்லாமல் பூவும் இல்லாமல் செத்த ஆட்கள் எங்களிடம் குறைவா? ஒவ்வொரு கிழமையும் ஊர்க் கடிதத்தில் புதிதாக வந்துகொண்டிருந்தார்கள். என்னோடு படித்தவன், எங்களுக்குப் பால் கொண்டு வந்து தந்தவர், மாமி வீடு இருக்கிற ஒழுங்கையில் ஷெல் பட்ட தாயும் பிள்ளையும். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக வெட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது? கே. எஸ். என்று வெட்டுவேன். பெல்டன் "யார் இது?" என்று கேட்பார். கென் ஸ்மித் என்பேன். அவர் அட்டையில் எழுதிக் கட்டிவிடுவார். சேகரிக்கிற ஆட்கள் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அதை வாசிப்பார்கள்.

இதை ஒரு வீரமாக நான் எழுதவில்லை. செத்தவர்களை வைத்துப் பொய் விற்றேன், அதுதான் உண்மை. ஆனால் அந்த எழுத்துகளை வெட்டின நேரத்தில் மட்டும்தான் எனக்கு அழுகை வந்தது. அப்பார்ட்மென்டில் ஆறு பேருக்கு நடுவில் எங்கே இருந்து அழுவது?

அண்ணையின் எழுத்தை ஒரே ஒரு துவக்கில்தான் வெட்டினேன். எண்பத்தேழு மார்கழி. வி. ரி., வேலாயுதர் தருமலிங்கம். கோழி கிளறின மாதிரி வெட்ட வேண்டும் என்று நினைத்து, கழிவு மரத்தில் நாலு நாள் பழகினேன். அண்ணையின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. கடிதங்களும் இல்லை, பார்த்துச் செய்யப் படமும் இல்லை. கடைசியில் என் எழுத்தில்தான் வந்தது, நேராக, வடிவாக. "யார் இது?" என்றார் பெல்டன். வாயில் வந்தது வின்சென்ட் டெய்லர். அந்தத் துவக்கு ஒரு கிழமைகூடக் கடையில் நிற்கவில்லை.

எண்பத்தெட்டு சித்திரையில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மகளுக்கு என்னைத் தெரியவில்லை, தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அடுத்த கிழமை பெல்டனிடம் வேலையை விட்டேன். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு தளபாடக் கொம்பனி ஒன்றில் ஓய்வு பெறும் வரைக்கும் அலுமாரிக் கதவு செய்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நிம்மதியாக இருந்தேன். மனைவி போய் ஆறு வருடம். கடைசி வரைக்கும் அவளிடம் "மரவேலை செய்தனான்" என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். டிக்சனைத் தேடி நான் ஒரு நாளும் விட்பிக்குப் போகவில்லை.

இவ்வளவும் வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதினது. மிச்சத்தை இன்றைக்கு, திங்கட்கிழமை எழுதுகிறேன்.

நேற்று ரூஜுக்குப் போனேன். துணி, கண்ணாடித் துண்டு, எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுதான் போனேன். பொய் எழுத்து, அழித்தால் என்ன என்று பஸ்ஸில் முழுக்க யோசித்தேன். என் கையால் வந்தது என் கையால் போகட்டும். மேசையில் அதே துவாய், அதே துவக்கு. மருமகன் ஸ்திரிக்கைப் பெட்டியைக்கூடச் சூடாக்கி வைத்திருந்தார். துணியை நனைத்துப் பிழிந்து எழுத்தின் மேல் போட்டேன். பெட்டியைக் கையில் எடுத்தேன். வைக்க முடியவில்லை.

"என்ன மாமா?"

"உதில கை வைக்கக் கூடாது."

"ஏன், வல்யூ போயிடுமா?"

"வல்யூவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை பயந்து போனார். சத்தத்துக்கு மகள் வதனி குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள்.

"அப்பா, என்ன? ஏன் கத்துறீங்கள்? முதல்ல கதிரையில இருங்கோ."

இருந்தேன். அவள் ஈரத்துணியை எடுத்துவிட்டு எழுத்தைப் பார்த்தாள்.

"உது பொய், பிள்ளை. வின்சென்ட் டெய்லர் எண்டு ஒருத்தரும் இல்லை. நான் வெட்டினது. நீயும் அம்மாவும் வர வேணும் எண்டு, கடைக்காரனுக்குப் பயந்து வெட்டினது. இப்பிடி எத்தினையோ துவக்கில வெட்டினனான்."

மருமகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வி. ரி. எண்டது?"

"தருமலிங்கம். வேலாயுதர் தருமலிங்கம். வதனியின்ர பெரியப்பா."

பெரியப்பா என்று ஒருவர் இருந்தார், கலவரத்தில் காணாமல் போனார் என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். காட்டுவதற்கு என்னிடம் ஒரு படம்கூட இருந்ததில்லை. மருமகன் போய் ஸ்திரிக்கைப் பெட்டியின் வயரைக் கழற்றினார். வதனி எழுத்தின் மேல் பெருவிரலை வைத்து, மெதுவாகத் தடவினாள்.

"எவ்வளவு வடிவாய் இருக்குது," என்றாள். "பெரியப்பாவின்ர கையெழுத்து இப்பிடித்தானோ அப்பா?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "என்ர அண்ணைக்கு இவ்வளவு நல்ல எழுத்து இல்லை."